ஷாரோனுக்கு ஹாரன் கிடையாது

திருக்கழுக்குன்றத்து மலைக்குத் தினமும் வந்துகொண்டிருந்த கழுகுகள் தொண்ணூறுகளில் வருவதை நிறுத்திக்கொண்டன. அதற்குப் பலர் பல காரணம் சொல்கிறார்கள். ஷாரோன் பிறந்த வருஷத்தை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இது நடந்தபோது அவளுக்கு இரண்டரை வயது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அணு ஆராய்ச்சி வேலைக்காரர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில் எங்களுக்கு மேல்வீடு அவர்களுடையது. அப்பா ஜான்சன், அம்மா வரலட்சுமி. கீழே என் மகனோடு நான். அவள் தரையில் படுத்து வாயைத் திறந்தால் எங்கள் வீட்டுப் பால் தானாகத் தயிராகிவிடும். நாங்கள் உறை ஊற்றுவதையே விட்டுவிட்டோம்.

வினை ஆபீஸ் பஸ்ஸில் தொடங்கியது. ஜான்சனை ஏற்றிப் போக வரும் டிரைவர் தர்மராஜ், ஒருநாள் குழந்தையை மடியில் வைத்து ஹாரனை அடிக்கவிட்டான். மறுநாளும் கேட்டாள். அப்புறம் வைப்பரையும் ஆட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தால்தான் ஸ்டியரிங்கை விட்டாள். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. அவர்களெல்லாம் நிரந்தர ஊழியர்கள். தாமதமானால் டீ குடித்துவிட்டு உட்காருவார்கள். ஜான்சனுக்கு மட்டும் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இனி ஒரே ஒருநாள் தாமதமாக வந்தாலும் நிரந்தரம் என்ற பேச்சே கிடையாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

வரலட்சுமி அன்று சாயங்காலமே வீடுவீடாகப் போனாள். நாளையிலிருந்து ஹாரன் இல்லை, எவ்வளவு அழுதாலும் ஒருத்தரும் குறுக்கே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். எல்லோரும் தலையாட்டினோம். நான் தலையாட்டிக்கொண்டே சட்டைப்பையில் ஒரு கமர்கட்டைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அதே நாளில் இன்னொரு அறிவிப்பும் வந்திருந்தது. மறுநாள் காலையில் ஆபத்துச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள். முதல் சங்கு கேட்டதும் எல்லோரும் உள்ளே போய்க் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். மறு சங்கு ஊதினால் வெளியே வரலாம். வருஷா வருஷம் நடப்பதுதான். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. தூக்கத்தில் சங்கு கேட்டாலும் கொக்கியைப் போட்டுவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார்கள்.

காலையில் பஸ் வந்தது. ஜான்சன் ஏறிக்கொண்டான். குழந்தை டிரைவர் பக்கம் கையை நீட்டியது. வரலட்சுமி இல்லை என்று சொல்லி அதைக் கீழே இறக்கிவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

ஷாரோன் படுத்தாள். ஆரம்பித்தாள்.

முதலில் தென்னை மரத்துக் காகங்கள் போயின. பிறகு மரத்திலிருந்து இரண்டு இளநீர் விழுந்தன. பால்கனிகளில் கூட்டம் கூடிவிட்டது. பச்சைக் குழந்தையிடம் என்ன வீம்பு என்று ஒரு குரல், ஒரே ஒரு தடவைதானே என்று இன்னொரு குரல். தர்மராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வுடும்மா, ஒரு தபா அடிச்சிக்கினு போவட்டும். கொயந்த மூச்சு நின்னுறப் போவுது."

"நீ ஹாரன்ல கை வெச்சே, நாளைக்கு வண்டிய அவளே ஓட்டுவா. சும்மா இரு அண்ணாத்த."

என் கை கமர்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஷாரோன் உச்சத்தைத் தொட்டாள். ஒரே சீராக ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது அந்தக் குரல். இரண்டாம் மாடியில் குளித்துக்கொண்டிருந்த உலகநாதன், "சங்கு ஊதிட்டான்" என்று கத்தினார்.

அவ்வளவுதான். ஜன்னல்கள் படபடவென்று மூடிக்கொண்டன. பால்கனிகள் காலி. தர்மராஜ் பஸ் கதவை இழுத்து மூடினான். உள்ளே இருந்தவர்கள் கண்ணாடிகளை இழுத்துச் சாத்தினார்கள். அது குழந்தையின் குரல் என்று கண்ணெதிரே பார்த்த நானே ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். பழக்கம். கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான் மீதியைப் பார்த்தேன்.

தெருவில் தாயும் மகளும் மட்டும். வரலட்சுமி பஸ் கதவைத் தட்டிப் பார்த்தாள். தர்மராஜ் உள்ளிருந்தே கையை விரித்தான். மறு சங்கு வராமல் வண்டி நகராது. ஜான்சன் கைக்கடிகாரத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினான். ஒரு ஹாரன் கொடுத்தால் அழுகை நிற்கும், எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிடும். அவள் கொடுக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அழுதுக்கோ கண்ணு. அம்மா இங்கியேதான் கீறேன். ஹாரன் மட்டும் கெடையாது."

ஷாரோன் ஒரு கண்ணைத் திறந்தாள். பால்கனிகளைப் பார்த்தாள். ஒரு தலையும் இல்லை. அம்மாவை அடிக்க வந்தாள். வரலட்சுமி அந்தக் கையை மெதுவாகப் பிடித்து, அடிக்கக் கூடாது என்றாள். குழந்தை இன்னும் கொஞ்சம் அழுது பார்த்தது. பிறகு விசும்பியது. பிறகு மடியில் ஏறி உட்கார்ந்து புடவையில் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து நிஜச் சங்கு ஊதியது. ஷாரோன் நிமிர்ந்தாள்.

"யாரும்மா அழுவுறா?"

"யாரோ பாப்பா."

"அதுக்கும் பாம்பாம் கெடையாதா?"

"கெடையாது."

குழந்தை திருப்தியாகத் தலையாட்டியது.

நாங்கள் அதை மறு சங்கு என்று எடுத்துக்கொண்டு, உள்ளே போக வேண்டிய நேரத்தில் வரிசையாக வெளியே வந்தோம். தர்மராஜ் வண்டியைக் கிளப்பினான். பழக்கத்தில் கை ஹாரன் மேல் போய்விட்டது. வரலட்சுமியைப் பார்த்தான். கையை மடியில் வைத்துக்கொண்டான். ஷாரோன் டாட்டா காட்டினாள்.

திருப்பத்தில் ஒரு எருமை நடுரோட்டில் படுத்திருந்தது. ஹாரனை யாரும் நினைத்தும் பார்க்கவில்லை. பஸ் மொத்தமும் இறங்கி, ஜான்சன் முன்னால் நின்று, அதைத் தோளால் நெட்டித் தள்ளிவிட்டுப் பறந்தார்கள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேள்வி.