இடது கை அரிக்கவில்லை

செல்லன் வருவதை அந்தத் தோட்டத்தில் யாரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. முதலில் சத்தம்தான் வரும். கர், கர், கர்.

கல்யாணத்துக்கு முன்பே இரண்டு கைகளிலும் வந்து குடியேறிய கரப்பான். செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கு அவர்தான் டிரைவர். கியர் மாற்றுவார், முழங்கையைச் சொறிவார். பிரேக் போடுவார், மறு கையைச் சொறிவார். ஸ்டியரிங்குக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு மரச்சீப்பு எப்போதும் இருக்கும். தலை வாருவதற்கில்லை. அவர் தலையில் வாருவதற்கு எதுவும் இல்லை.

அந்த மனிதர், உலகக் கிண்ணப் பந்தாட்டத்தைப் பற்றியே ஊர் பேசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தேநீர்க் கிளாஸோடு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

“என்னாங்க, சத்தத்தையே காணோம்?” என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் மனைவி தாயம்மா.

“மருந்து வேல செய்யுது தாயி. தைலக்கார அப்பளசாமி சும்மா சொல்லல. இந்தக் கையப் பாரு, அரிப்பே இல்ல. யாரோட கையோ மாதிரி இருக்கு.”

இடது கையை நீட்டிக் காட்டினார். அதிலிருந்த கிளாஸ் நழுவி விழுந்து உடைந்தது.

“சவுக்காரக் கை, வழுக்கிடுச்சி,” என்றார்.

தாயம்மாவுக்குக் கிளாஸ் போனதில் வருத்தமில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள் அவள். கூப்பிடுவது, திட்டுவது, எழுப்புவது எல்லாவற்றுக்கும் “சொறியாதீங்க” என்பதையே அவருக்குப் பெயராக வைத்திருந்தாள். அந்தப் பெயருக்கு இனி வேலையில்லை என்றால் நல்லதுதானே?

அவர் கிளம்பிப் போன பிறகுதான் வாசலைப் பார்த்தாள். ஒற்றைச் செருப்பு கிடந்தது. இடது கால் செருப்பு.

கழற்றிவிட்டுப் போனவர் இரண்டையும் அல்லவா கழற்றியிருக்க வேண்டும்?

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திடலை நோக்கி நடந்தாள்.

திடலில் பெரிய ஆரவாரம். தோட்டத்துப் பந்துக் குழு முதல் தடவையாக ஃபைனலுக்குப் போகிறது. ஆட்டம் தஞ்சோங் காராங்கில். செல்லனின் லோரியில் ஆட்டக்காரர்களும் அவர்களை உற்சாகப்படுத்தப் போகிறவர்களும் ஏறி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கூட்டம் சேர்ந்த இடத்தில் வியாபாரி வராமல் இருப்பானா? கூரைமேல் ஒலிபெருக்கி கட்டிய வேனோடு அப்பளசாமியும் வந்திருந்தார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பச்சைத் தைலமும், கூடவே பெயர் போடாத பொட்டலத்தில் வெள்ளை மாத்திரையும் விற்கிறவர்.

ஓட்ட ஏறிய செல்லனை அவர் விடவில்லை. கையைப் பிடித்து இறக்கி, மைக்கை எடுத்தார்.

“பாருங்கய்யா, பாருங்கம்மா. கரப்பான், படை, சொறி, எதுவானாலும் ஒரே டப்பா. இந்த அண்ணன் கைய உங்க எல்லாருக்கும் தெரியும். இப்ப தேங்கா நார வெச்சித் தேய்க்கிறேன். அண்ணே, அரிக்குதா?”

“இல்ல.”

“எரியுதா?”

“ஒண்ணுமே தெரியல,” என்றார் செல்லன் பெருமையாக.

கைதட்டல். அப்பளசாமி இன்னும் அழுத்தித் தேய்த்தார். தோல் உரிந்து ரத்தம் பொட்டுப் பொட்டாக எழும்பி, ஒரு கோடாக மணிக்கட்டுக்கு இறங்கியது. செல்லன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் தாயம்மாவுக்கு வேறொரு சத்தம் கேட்டது. கர், கர், கர்.

செல்லனின் வலது முழங்கை, முதுகுக்குப் பின்னால் லோரிக் கதவில் திருட்டுத்தனமாக உரசிக்கொண்டிருந்தது.

தைலம் பூசிவிட்டவள் அவள்தான். ஒரே டப்பா, ஒரே விரல், இரண்டு கைக்கும் ஒரே அளவு. இடது எது வலது எது என்று தைலத்துக்குத் தெரியுமா? கிளாஸ் விழுந்தது இடது. செருப்பு இடது. ரத்தம் வருவது தெரியாத கையும் இடது.

“என்னாங்க,” என்று முன்னால் வந்தாள். “ஒங்க செருப்பு எங்க?”

செல்லன் கீழே பார்த்தார். ஒரு கால் வெறுங்காலாகச் சரளைக் கல்மேல் நின்றது.

“அட,” என்றார். “தெரியலையே.”

அதற்குள் கேப்டன் உமாபதி லோரிக் கூரையைத் தட்டினான். செல்லன் ஏறி உட்கார்ந்தார், சாவியைச் செருகினார். தாயம்மா அந்தச் சாலையை நினைத்தாள். வயலை ஒட்டி, தண்ணீர் நிறைந்த வாய்க்கால் கூடவே வரும். கியர் மாற்றுவது இடது கை. பின்னால் இத்தனை வீட்டுப் பிள்ளைகள். முன்னால், அவளுக்கென்று இருக்கிற ஒரே ஆள்.

சன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினாள். ஆட்டக்காரர்களுக்காகக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்திருந்த தேத்தண்ணி வாளியில் போட்டாள்.

தொபுக்.

“அக்கா, இன்னிக்கு ஃபைனலுலா,” என்று உமாபதி தலையில் கை வைத்தான்.

“பாரிட்டு வாய்க்கால்ல விழுந்து நீஞ்சிப் போயி வெளையாடப் போறியா? அவருக்குக் கை சரியில்ல.”

“கை சொகமானதுக்கா இந்தச் சண்ட?” என்றார் அப்பளசாமி மைக்கிலேயே. கூட்டம் சிரித்தது.

“ஒரு கை மட்டும் எப்பிடிய்யா சொகமாகும்?” என்று கேட்டாள் தாயம்மா.

சிரிக்காமல் இறங்கி வந்தவன் கோல்கீப்பர் ஒருவன்தான். சில்வெஸ்டர். மற்ற நாட்களில் தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கட்டுகிற டிரஸ்ஸர். கையுறையை மாட்டியபடியே வந்தான்.

“செல்லண்ணே, ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. அப்பிடியே கண்ண மூடுங்க.”

“என்னடா, கோல் போஸ்ட்டா நிக்கச் சொல்றியா?”

நீட்டினார். மூடினார். வலது கை அப்படியே நின்றது. இடது கை மெல்ல மெல்ல இறங்கி, தொடையருகே வந்து தொங்கியது.

“எவ்வளவு நேரம்டா ரெண்டையும் தூக்கிக்கிட்டே நிக்கிறது?” என்றார் செல்லன், கண்ணைத் திறக்காமல்.

அப்போது யாரும் சிரிக்கவில்லை.

சில்வெஸ்டர் கையுறையைக் கழற்றினான். “மூளைக்குப் போற ரத்தத்துல ஏதோ கோளாறு, அக்கா. ஸ்ட்ரோக்கா இருக்கலாம். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

எதில் போவது? லோரிச் சாவி கொதிக்கும் தேநீரின் அடியில். எடுத்தாலும் ஓட்டத் தெரிந்தவர் செல்லன் ஒருவர்தான். மானேஜரின் கார் காலையிலேயே கோலாலம்பூர் போய்விட்டது. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

“என் வேனா?” என்றார் அப்பளசாமி.

சில்வெஸ்டரும் கூட ஏறிக்கொள்ள, வேன் பறந்தது. பதற்றத்தில் எதையோ தட்டிவிட்டார் போல, ஒலிபெருக்கியில் கேசட் ஓட ஆரம்பித்து நிற்கவே மறுத்தது. ‘கரப்பான், படை, சொறி, இனி கவலையில்லை’ என்று வழி நெடுக அலறிக்கொண்டே போனது. மாட்டு வண்டிக்காரர் ஒதுங்கினார். பஸ்காரர் ஒதுங்கினார். சைக்கிளில் வந்த ஒருவர் டப்பா வாங்கக் கைநீட்டி நிறுத்தப் பார்த்தார்.

தைல டப்பாக்களுக்கு நடுவே படுத்திருந்த செல்லன், “என்னய விளம்பரத்துக்குத்தான் கூட்டிப் போறான்லா,” என்றார். நாக்கு சற்றுக் குழறியது. தாயம்மா அவருடைய இடது கையை இறுகப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் பார்த்தது பிரஷரை. பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“இவ்வளவு பிரஷரோடயா லோரி ஓட்டப் போனீங்க?”

“கரப்பானால வந்துச்சுங்களாம்மா?” என்று கேட்டாள் தாயம்மா.

“அதனாலதான்னு என்னால அடிச்சிச் சொல்ல முடியாது. ஆனா தோல்ல இருக்கறது தோலோட நிக்கிறதில்ல. அரிப்புல வருஷக்கணக்கா தூக்கம் போச்சு. தூங்கறதுக்குன்னு குடிக்கிறாரா?”

“கொஞ்சம்,” என்றார் செல்லன்.

“கொஞ்சம் இல்ல,” என்றாள் தாயம்மா.

“சுருட்டும் உண்டு, இல்லையா? எல்லாம் சேர்ந்து பிரஷர ஏத்தும். வேற மருந்து ஏதாவது?”

தாயம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து வெள்ளை மாத்திரைப் பொட்டலத்தை நீட்டினாள். டாக்டரம்மா ஒன்றைப் புரட்டிப் பார்த்தார்.

“அரிப்ப அடக்கத் திருட்டுத்தனமா விக்கிற ஸ்டீராய்டு மாதிரி இருக்கு. அது பிரஷரயும் தூக்கிவிடும். யார் குடுத்தது?”

வாசலில் நின்றிருந்த அப்பளசாமி, வேனில் ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லி நகர்ந்தார். அன்று மாலை வேனில் இருந்த பொட்டலம் அத்தனையையும் கொண்டுவந்து டாக்டரம்மா மேசையில் வைத்தார். தானும் யாரோ சொன்னதை நம்பித்தான் விற்றதாகச் சொன்னார். திட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த சில நாட்கள் செல்லனின் இடது கை வெட்டிப்போட்ட மட்டை போலப் படுக்கையில் கிடந்தது. பிரஷர் இறங்கியது, பேச்சுத் தெளிந்தது. கை மட்டும் வரவில்லை. வந்தாலும் வரலாம், அப்படியே நின்றாலும் நிற்கலாம் என்றார்கள். அந்தக் கை இல்லாவிட்டால் லோரி இல்லை. தாயம்மா தைரியமாகப் பேசிவிட்டு, குழாயடியில் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள்.

பந்துக் குழு பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தது. டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய் ஒருவழியாக ஆடியிருந்தார்கள்.

“ஜெயிச்சிங்களாடா?”

“கோல்கீப்பர் ஒங்க கூட வந்துட்டான். நான்தான் கோல்ல நின்னேன்,” என்றான் உமாபதி. “எத்தன கோலுன்னு மட்டும் கேக்காதீங்கண்ணே.”

லோரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். அதில் இன்னும் தேநீர் வாசம் இருந்தது.

அவர்கள் போன பிறகு செல்லன் முகத்தைச் சுளித்தார்.

“தாயி.”

“என்னாங்க?”

“இந்த எடது முழங்கையில என்னமோ ஊருது.”

தாயம்மா ஆரஞ்சுத் தோலை அப்படியே கீழே போட்டாள். “ஊருதா? அரிக்குதா? சரியா சொல்லுங்க.”

“அரிக்குது. பழைய மாதிரி. சனியன் புடிச்ச மாதிரி அரிக்குது.”

மறுநாள் காலை வலது முழங்கை வழக்கம்போல அரித்தது. இடது கை விரல்கள் போர்வைமேல் ஒரு முறை மடங்கின. நண்டு நடப்பது போல வயிற்றின்மேல் ஏறின, நின்றன, மறுபடி ஏறின. வலது முழங்கையைத் தொட்டன.

கர்.

சத்தம் கேட்டு, பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த மிஸ்ஸி திரும்பினாள். “ஐயா, சொறியக் கூடாது. புண்ணாயிடும்.”

“மிஸ்ஸி, இந்த ஒரு தடவ விட்டுடும்மா,” என்ற தாயம்மா, புருஷன் காதருகே குனிந்தாள்.

“சொறிங்க,” என்றாள்.