மடங்காத நாற்காலி

ரான்டல் கோம்ப்ஸ் உட்கார்ந்திருந்த நாற்காலி 2009 மார்ச் மாதம் இரண்டாம் வியாழக்கிழமை இரவு எட்டரைக்கு மடங்க மறுத்தது. ரான்டல் செத்தது மறுநாள் மத்தியானம், பெட்ரோல் பங்க் கழிப்பறையில், கையில் ஊசியோடு. முதலில் நாற்காலி, பிறகு ஆள் என்ற இந்த வரிசை வெர்லின் ஸ்டாம்பர் ஒருவருக்குத்தான் தெரியும். ஹேசல் லிக் என்ற சுரங்க ஊரின் ஓடைக்கரை பாப்டிஸ்ட் சபையில், குடியையும் மாத்திரையையும் விடப் பார்ப்பவர்களுக்கு வியாழன்தோறும் கீழ்த்தளக் கூடத்தில் நடக்கிற கூட்டத்தை நடத்துபவர் அவர். பீன்ஸ் சூப்பு வைப்பவர், காப்பி அண்டாவைக் கழுவுபவர், எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்ப்பவர் எல்லாம் அவரே. கர்த்தர் தன்னைக் குடியிலிருந்து மீட்டார், பாத்திரம் கழுவுவதிலிருந்து மீட்க மறந்துவிட்டார் என்று அவரே சொல்லிக்கொள்வார். இரும்பு நாற்காலிகள் மொத்தம் நாற்பத்தெட்டு. இறுதிச்சடங்கு நடத்தும் நிலையத்தார் தங்களுக்கு மெத்தை வைத்த நாற்காலிகள் வாங்கியபோது கழித்துக் கொடுத்தவை. அதனால்தான் அப்படி நடந்தது என்று சிலர் பிற்பாடு சொன்னார்கள். ஆனால் அதே நிலையம் கொடுத்த மேசைகள் மூன்றும் யார் செத்தாலும் ஒழுங்காகவே மடங்கின.

சபையின் மூப்பர் ஆர்வில் காடில் அந்த நாற்காலிக்கு எண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார், கடைசியில் அறுப்பு இயந்திரம் கொண்டுவந்தார். பொறி பறந்தது, கீறல்கூட விழவில்லை. இடத்தைவிட்டு நகர்த்தவும் முடியவில்லை. ஞாயிறு விருந்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அவர் சபையின் மூன்று நிர்வாகக் கூட்டங்களில் பேசினார். நாலாவது கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ரான்டலின் அம்மா ஃபே பச்சைக் கம்பளி நூலில் உறை பின்னிய ஒரு சிறு மெத்தையோடு வந்து, அதை நாற்காலியில் கட்டி, தானே உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அடுத்த மூன்று வருடங்களில் இன்னும் ஐந்து நாற்காலிகள் அப்படி நின்றுவிட்டன. துக்கத்தில்தான் நாற்காலி இறுகிப்போகிறது என்று ஊர் நினைத்துக்கொண்டது. செத்தவர்களின் வீட்டார் வியாழக்கிழமைகளில் வந்து அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து, சூப்பு குடித்துவிட்டுப் போனார்கள். கல்லறைத் தோட்டத்தைவிட இங்கே கணப்பு நன்றாக இருக்கிறது என்று ஃபே சொன்னாள்.

நாற்காலி சாவுக்கு முன்னாலேயே இறுகிவிடுகிறது என்பதை வெர்லின் வெளியே விடவில்லை. சொன்னால் ஒருவரும் உட்கார வரமாட்டார்கள். உட்காராமல் ஒரு மனிதன் எப்படி மனம் திறந்து சாட்சி சொல்வான்? முதல் சில தடவைகள் நாற்காலி மடங்காதபோது அவர் வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினார். ஜெபம் முடிவதற்குள் தொலைபேசி அடித்தது. 2012-இல் டூவி பிரேட்டரின் நாற்காலி மடங்க மறுத்தபோது அவர் ஜெபத்தை வண்டி ஓட்டிக்கொண்டே பண்ணுவதென்று முடிவு செய்து, ஒரு பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு டூவியின் வீட்டுக்குப் போய், தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கூட்டத்திலிருந்து இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, முறைவைத்து, டூவியைக் கழிப்பறைக்குக்கூடத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் என்ன முட்டையாய்யா, ஆளுக்கு ஒரு ஷிப்ட்டு போட்டு அடைகாக்கிறீங்க?" என்றான் டூவி.

பதினோராவது நாள் மரம் ஏற்றிவந்த லாரி ஒன்று வளைவில் கவிழ்ந்து, தபால் எடுக்கத் தெருவுக்குப் போன டூவியையும் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த வெர்லினின் தொப்பியையும் நசுக்கியது. டூவியின் உடம்பில் ஒரு பொட்டுச் சாராயம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். முப்பது நாள் தாக்குப்பிடித்தவர்களுக்குக் கூட்டத்தில் ஒரு சிவப்பு வில்லை கொடுப்பது வழக்கம். அதை வெர்லின் சவப்பெட்டிக்குள் வைத்தார். இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி இருக்கிறதே பிரதர், முறை என்று ஒன்று இருக்கிறதே என்று ஆர்வில் காதோடு கேட்டார். "மிச்சத்த அங்க போய் முடிச்சுக்குவான்" என்றார் வெர்லின். அன்றைக்கு அவர் ஒரு பாடம் படித்தார்: நாற்காலி சொன்னால் சொன்னதுதான், ஆளை நிறுத்திவைக்க முடியாது, ஆனால் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு எந்த நாற்காலி இறுகினாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நாலே வருடத்தில் பன்னிரண்டு பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு செத்தார்கள். அதன் பலனாக, வெர்லின் பையோடு வந்தால் கதவைத் திறக்காதே என்ற பேச்சு ஊரில் பரவியது. பையை மாற்றிப் பார்த்தார். பிறகு சட்டைகளைக் கோட்டுப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு போனார்.

2016 செப்டம்பரில் சிறையிலிருந்து வந்த அவருடைய மகள் கெண்ட்ரா கூட்டத்துக்கு வந்தாள். வயது இருபத்தெட்டு. அவளுடைய அம்மா புற்றுநோயில் போனபோது குளியலறை அலமாரியில் மிச்சமிருந்த வலி மாத்திரைகளில் தொடங்கியவள். அந்தப் புட்டியைக் கொட்டிக் கவிழ்க்காமல் விட்டது வெர்லின். அப்போது அவருக்கு வேறொரு புட்டியில் வேலை இருந்தது. மகள் கூடத்துக்குள் நுழைந்ததைப் பார்த்தவருக்குச் சந்தோஷத்தில் கரண்டி கைநழுவியது. அடுத்த கணமே கடிகாரத்தைப் பார்த்தார். இவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை எட்டரை மணிக்கு நான் மடக்கிப் பார்க்க வேண்டுமே என்று நினைத்தார். அவளுக்கென்று விரித்திருந்த நாற்காலியைப் பிடுங்காத குறையாக இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவிட்டு, பியானோவுக்கு முன்னால் கிடந்த மர ஸ்டூலைக் காட்டினார். பாட்டுப் புத்தகம் வைக்கிற, மூடி போட்ட ஸ்டூல். மடங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. காய்ச்சலுக்குப் பயந்து தெர்மாமீட்டரை ஒளித்துவைக்கிற காரியம் இது என்று அவருக்கே தெரிந்திருந்தது. இருந்தாலும் தெர்மாமீட்டர் கண்ணில் படாதவரை கொஞ்சம் தூக்கம் வந்தது. பியானோவிடமிருந்து ஸ்டூலை நகர்த்தக் கூடாது என்பது பாடகர் குழுவின் கட்டளை; அதனால் கெண்ட்ரா நாற்காலி வட்டத்துக்கு வெளியே, வெர்லினின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவளிடம் கேட்டால், ஸ்டூல்தான் முதுகுக்கு நல்லது என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்பாள். ஸ்டூலுக்கு முதுகே கிடையாது.

கூட்டத்துக்குச் சுவரில் எழுதி ஒட்டிய ஐந்து விதிகள் உண்டு. அவற்றில் வெர்லின் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது மூன்றாவது விதி: ஒருவர் மனம் திறந்து பேசினால் இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது, புத்திமதி கூடாது, சமாதானம் கூடாது, பேசி முடித்ததும் எல்லோருமாக நன்றி என்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த விதியை மீறினதற்காக ஒரு தடவை போதகரையே வெளியே அனுப்பியவர் அவர். அக்டோபரில் ஒரு வியாழன், தான் வந்த நாலாவது கூட்டத்தில், கெண்ட்ரா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று முதல் முறையாகப் பேசினாள்.

"என் பேரு கெண்ட்ரா. இயேசுவ நம்புறேன். மாத்திரைக்கும் ஊசிக்கும் அடிமை. இன்னிக்கு இருபத்தாறாவது நாள். இந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கிற அத்தன குடிகாரனுக்கும் எங்கப்பா நாற்காலி விரிச்சுப் போடுறாரு. போன வாரம் ஒருத்தன் அதுலயே வாந்தி எடுத்தான், தொடச்சிட்டு, திரும்ப உக்காருப்பான்னாரு. செத்தவங்களுக்குக்கூட இங்க நாற்காலி இருக்கு, மெத்தை போட்டு. எனக்கு ஸ்டூலு. வட்டத்துக்கு வெளிய. நான் இன்னும் என்ன செஞ்சா உள்ள வரலாம்னு அவருகிட்டக் கேக்கணும். இங்க கேட்டா பதில் சொல்லக் கூடாதுல்ல, ரூலு. அவ்வளவுதான்."

வெர்லின் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்திருந்தது. பதினாறு பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய தலைக்கு மேலே மூன்றாவது விதி, அவருடைய கையெழுத்திலேயே, இருந்தது. பதில் அரை நிமிடப் பதில்தான்: நீ செத்துப்போவாய் என்று தெரிந்துவிடுமோ என்று பயம் மகளே. அதைச் சொன்னால் அத்தனை நாற்காலிகளும் காலியாகிவிடும். மற்றவர்களோடு சேர்ந்து, மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்க, "நன்றி, கெண்ட்ரா" என்றார். அடுத்த ஆள் தன் பழைய பெண்சாதி எடுத்துக்கொண்டு போன நாயைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினான். அதற்கும் நன்றி சொன்னார்கள். முடிவு ஜெபத்துக்காக எல்லோரும் கண்ணை மூடித் திறந்தபோது ஸ்டூலில் ஆள் இல்லை.

அவர் ஓடியிருக்கலாம். வாகனம் நிறுத்துமிடம் படியேறினால் பன்னிரண்டு அடி தூரம். ஆனால் ஏழு வருடமாகப் பழகின வேலையொன்று கையில் இருந்தது: முதலில் நாற்காலிகளைப் பார்க்க வேண்டும், இறுகியிருந்தால் ஆளைத் தேடிப் போக வேண்டும், இறுகாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மகள் உட்கார்ந்தது ஸ்டூல் என்பதைக் கை மறந்துவிட்டது. ஒவ்வொன்றாக மடக்கினார். ஏற்கெனவே இறுகி நின்றவை போக, மற்ற அத்தனையும் மடங்கின. ஸ்டூல் மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தார்; அது எப்போதும் போலத் திறந்து, பூஞ்சை வாடையோடு பாட்டுப் புத்தகங்களைக் காட்டியது. தோத்திரம் ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தபோது, அடுத்த வியாழக்கிழமை அவளுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த சிவப்பு வில்லை தரையில் விழுந்து உருண்டது. எடுக்கக் குனிந்தார். முழங்கால்கள் மடங்கவில்லை.

வயதாகிவிட்டது என்று நினைத்தார். சுரங்கத்தில் இருபது வருடம் தவழ்ந்த முழங்கால்கள், மழைக்காலம் வேறு. வில்லையைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டுபோய், பலகைபோலச் சுவரில் சாய்ந்து சறுக்கி, எப்படியோ எடுத்தார். வீட்டில் கெண்ட்ரா இல்லை. கோபம் தணிந்து வருவாள், சனிக்கிழமை காலையில் உட்காரவைத்துப் பேசிவிடலாம் என்று வழியிலேயே பேச்சைத் தயார் செய்திருந்தார். அவள் யாருடைய வண்டியிலோ ஏறி ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரத்துக்குப் போய்விட்டிருந்தாள். அடுத்த ஒன்பது நாளும் வெர்லின் ராத்திரிக்கு ஒரு தரம் முழங்காலில் குதிரைத் தைலம் தேய்த்துக்கொண்டார். நாற்காலி எதுவும் சொல்லாததால் பையை எடுக்கவில்லை. பத்தாவது நாள் டேட்டனிலிருந்து பேசினார்கள். வாடகை அறை, உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது, கூட யாருமில்லை, வீட்டுக்காரி வாடகை கேட்கத் தட்டித்தான் தெரிந்தது. நின்றுகொண்டே கேட்டார். கேட்டு முடித்த பிறகும் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தபோது, எது இறுகியிருக்கிறது என்பது அவருக்கு விளங்கியது.

ஜில்லா ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருபது வயதுப் பையனின் முழங்கால்கள் மாதிரி இருக்கின்றன, ஒரு குறையும் இல்லை என்றார்கள். எண்ணெய் கொண்டுவந்த ஆர்வில், பாதிப் படியில் நின்று யோசித்துவிட்டு, எண்ணெயைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெர்லின் வண்டியை விற்றார். படுக்கையில் மரம் சாய்வதைப்போலச் சாய்ந்து படுத்தார், அலமாரித் தட்டில் தட்டை வைத்து நின்று சாப்பிட்டார், சபையின் கீழ்த்தளத்துக்குப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். முழங்காலில் நின்று ஜெபிக்க முடியாமல் போனதில் ஆண்டவருக்கு நஷ்டம் அதிகமா தனக்கு அதிகமா என்று போதகரிடம் கேட்டார். வியாழன்தோறும் சூப்பு வைத்தார். மூன்றாவது விதியை எழுதியிருந்த தாளைக் கிழிக்கவில்லை. வருகிற புதியவர்களுக்கு அதை முன்போலவே வாசித்துக் காட்டினார். அந்த இடம் வரும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பாராமல் சொன்னார். ஒரு வியாழக்கிழமை அவர் தன் முறை வந்தபோது, காப்பி அண்டாவின் பக்கத்தில் நின்றபடி, முதலில் நாற்காலி பிறகு ஆள் என்பதை, ஏழு வருடமாக மூடி வைத்ததை, ஸ்டூல் வரைக்கும் சொன்னார். சொல்லி முடித்தபோது ஒருவரும் எழுந்து ஓடவில்லை. எல்லோரும் அவரவர் நாற்காலியைக் குனிந்து பார்த்தார்கள், பிறகு நன்றி வெர்லின் என்றார்கள். ஃபே மட்டும் விதியை மீறினாள்.

"அப்பவே சொல்லியிருந்தா நாங்க மட்டும் எங்க பிரதர் போயிருப்போம்? வேற எங்க உக்காருவோம்?"

அடுத்த வாரம் அவள் கம்பளி நூலில் இரண்டு முழங்கால் உறைகள் பின்னிக்கொண்டு வந்தாள், ரான்டலின் மெத்தைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த அதே பச்சை நூலில். வெர்லினால் குனிந்து போட்டுக்கொள்ள முடியாதென்பதால் அவளே போட்டுவிட்டாள். கூட்டம் நின்றுபோகவில்லை. நாற்காலி இறுகினால் இப்போது மூன்று நாலு பேராக, ஒளிக்காமல், பையோடு போகிறார்கள், கதவு திறக்கிறது. சென்ற வருடம் காப்பீட்டுக்காகச் சபையின் சாமான்களை எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. ஆர்வில் கூடத்துக்கு இறங்கிவந்து, வெர்லின் காப்பி அண்டாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க, கையில் காகிதத்தோடு அரைநாள் எண்ணினார். மடங்கும் நாற்காலி இருபத்தொன்பது, மடங்காதது இருபது என்று எழுதினார். நாற்பத்தெட்டு இருந்த இடத்தில் நாற்பத்தொன்பது வந்தது. ஒரு ஆணியைக்கூட இரண்டு தரம் எண்ணுகிற மனிதர் அவர். காகிதத்தைப் போதகர் பார்த்தார், பொருளாளர் பார்த்தார், கூட்டிப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.