மில் பங்குக்குப் பூக் கேட்டது

நான் தும்மியதில், மாரியம்மனின் இரண்டு தோள்களிலும் வைத்திருந்த பூக்கள் ஒன்றாக விழுந்தன. வலப்பக்கப் பூ விழுந்தால் மில் பங்கு வாங்கலாம், இடப்பக்கப் பூ விழுந்தால் வேண்டாம் என்று கேட்டிருந்தேன்.

"சித்த நேரம் மூக்கைப் புடிச்சுட்டு நிக்க முடியாதா? இனி அடுத்த வெள்ளிக்கெழமதான் கேக்கோணும்" என்று பூசாரி மாதையன் கற்பூரத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பங்கு விற்பனையோ புதன்கிழமையோடு முடிகிறது.

1938ஆம் வருடம். குமாரபாளையத்தில் தறி நெய்துகொண்டிருந்த எனக்கு மில் முதலாளியாகும் ஆசை வந்திருந்தது. சேலத்துப் பக்கத்து நூல் மில் ஒன்று கூடுதல் பங்கு விற்றது. என் மனைவி கந்தம்மாளின் தாய்வீட்டு அட்டிகையை விற்றால் இரண்டு பங்கு கிடைக்கும்.

"நம்பற ஆளு ஒருத்தரு நல்லதுன்னு சொல்லட்டுமுங்க, கழட்டித் தாரேன்" என்றிருந்தாள். அந்த ஆள் நான் இல்லை என்பது எனக்கே புரிந்தது.

வாசகசாலைப் பத்திரிகையில் பம்பாய் மில்களின் விலையெல்லாம் இருந்தது. எங்கள் மில்லைக் காணோம். பஸ் ஏறி, சேலம் செவ்வாய்ப்பேட்டை நூல் வியாபாரியிடம் போனேன். "வாங்குனா வாங்கலாமுங்க. வாங்காட்டியும் தப்பில்லீங்க" என்றார். பங்கு ஏஜெண்டு அர்த்தநாரி காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"தயங்காதீங்க சாமி, கண்ணை மூடிட்டு வாங்குங்க."

"நீங்க எத்தனை வாங்குனீங்க?"

"எனக்கெதுக்குங்க? எனக்குத்தான் கமிசன் வருதே!"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினேன். கந்தம்மாள் ராட்டையில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இன்றும் சில காலைகளில் எனக்குக் கேட்கிறது. திரும்பினால், அவள் ராட்டையோடு உட்கார்ந்திருந்த மூலையில் அரிசி மூட்டைதான் இருக்கும்.

"ஒருத்தரும் நேரா சொல்ல மாட்டேங்கறாங்க. நீ என்ன நெனைக்கற?" என்றேன். பதினான்கு வருடக் குடித்தனத்தில் நான் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்னையா கேக்கறீங்க?" என்று பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு ராட்டையை நிறுத்தினாள்.

"நீங்க வாங்கியாந்து போடற இந்த நூலு அந்த மில்லுதுதானுங்க. முன்னெல்லாம் ஒரு சிட்டம் நூலு சுத்தறதுக்குள்ள ரெண்டு மூணு எடத்துல அறும், முடிச்சுப் போடுவேன். தையில இருந்து இருவது எடத்துல அறுது. நல்ல பஞ்சு வாங்க வக்கில்லாம குப்பையைப் போட்டு நூல் நூக்கறாங்க. வேண்டாமுங்க."