கோண்டாவில் வீட்டு அல்பம்

இராணுவச் சிப்பாய் பந்துல கடைசியாக லீவில் வந்தபோது தாயின் கையில் கொடுத்தது ஒரு புகைப்பட அல்பம். 1996ஆம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டு வெளியேறிய பிறகு, அவனுடைய படைப்பிரிவு கோண்டாவிலில் ஒரு வெறும் வீட்டில் தங்கியிருந்தது. கூரை பிய்ந்த அறையில் மழைநீரில் கிடந்தது, விட்டுவிட்டு வர மனம் வரவில்லை என்றான். சில மாதங்களில் முல்லைத்தீவுச் சண்டையில் அவன் இறந்துபோனான். உடல்கூட வரவில்லை.

தாய் சோமாவதி மலைநாட்டில் நோர்வூட் பக்கம், தேயிலைத் தோட்டத்துக்குக் கீழேயிருந்த சிங்களக் கிராமத்தில் இருந்தாள். நனைந்த தாள்களை அடுப்பங்கரையில் உலர்த்தி, உதிர்ந்த படங்களைப் பசை காய்ச்சி ஒட்டினாள். மகன் கொண்டுவந்தது என்றுதான் முதலில் வைத்திருந்தாள். பார்க்கப் பார்க்க அந்த முகங்கள் பழகிவிட்டன. மாலையோடு நின்ற மணமக்கள். பிறகு அவர்கள் மடியில் ஒரு பெண்குழந்தை. பிறகு அதே குழந்தை, இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடச் சீருடையில்.

2002இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்ததும், அதை உரியவர்களிடம் சேர்க்க வேண்டும் என்று அவள் ஜொய்சியிடம் கேட்டாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்பவள் ஜொய்சி. அவளுக்குத் தெரிந்த ஒரே யாழ்ப்பாணத்தார் பள்ளிக்கூட ஆசிரியர் பேரின்பநாயகம். அல்பத்தை அவரிடம் கொண்டுபோய், அது வந்த விதத்தைச் சொன்னாள்.

அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார்.

"எங்கட வீடுகளில அள்ளிக்கொண்டு போனதுகளில இதுவும் ஒண்டு. திருப்பித் தந்தால் நான் கும்பிட வேணுமோ?"

ஜொய்சி அல்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அவர் சொன்னதை அப்படியே சோமாவதியிடம் சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு விருப்பமில்லை என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சோமாவதியே ஜொய்சியைக் கூட்டிக்கொண்டு ஆசிரியர் விடுதிக்குப் போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவள் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, ஜொய்சி தமிழில் சொன்னாள்.

"மகன் எடுத்தது தப்புதான்னு சொல்றாங்க சேர். அவன் செத்து ஒரு எலும்புகூட இவங்க கைக்கு வரலியாம். அந்த வீட்டுக்காரங்களுக்காவது அவங்க ஆளுங்க முகம் போய்ச் சேரட்டும்ங்கிறாங்க."

பேரின்பநாயகம் கையை நீட்டி அல்பத்தை வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் விடுமுறையில் ஊருக்குப் போனவர், கோண்டாவிலில் வீடு வீடாக அதைக் காட்டி விசாரித்தார். கடைசியில் ஒரு தையற்காரர் மணப்பெண்ணை அடையாளம் கண்டார். கனகாம்பிகை. அதே வீட்டின் பாதியில் தகரம் போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள். இடம்பெயர்ந்து போன வழியில் கணவர் ஷெல்லடியில் இறந்தார். மகள் கிளிநொச்சியில் காய்ச்சலில் போய்விட்டாள். இருவருடைய படம் ஒன்றுகூட அவளிடம் இருக்கவில்லை.

அல்பம் எப்படி வந்தது என்று பேரின்பநாயகம் ஒளிக்காமல் சொன்னார். அவள் மகளின் படத்திலிருந்து கையை எடுக்கவேயில்லை.

"எடுத்தவனைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்லத் தெரியேல்ல, மாஸ்டர்," என்றாள். "வச்சிருந்த தாய்க்குச் சொல்லுங்கோ, பிள்ளையின்ர முகம் எனக்கு மறந்துகொண்டு வந்தது எண்டு."

விடுமுறை முடிந்து வந்த அன்றே அவர் ஜொய்சியோடு சோமாவதியின் வீட்டுக்கு இறங்கிப் போனார். அவர் சொன்னதையெல்லாம் ஜொய்சி சிங்களத்தில் சொன்னாள். சிறுமி இறந்துவிட்டாள் என்ற இடத்தில் சோமாவதி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் மகனுக்கு அழுததுபோலவே அழுதாள்.

அழுகை அடங்கிய பிறகு, அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டாள்.

"ஊர்மிளா," என்றார் பேரின்பநாயகம்.

அவள் அதைத் தன் நாவுக்கு வந்தபடி சொல்லிப் பார்த்தாள். சரிதானா என்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். பிறகு அவரும் அந்தப் படியில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.