ஒட்டகக் குட்டிக்குக் கண் பட்டது

பிருந்தாவுக்குத் தன் கேமராமேல் இருந்த நம்பிக்கை கடவுள்மேல்கூட இருந்ததில்லை. ஷார்ஜா முவைலாவில் குடும்பம், வாரநாளில் கட்டட இன்ஜினீயர் வேலை, லீவு என்றால் பாலைவனம். இப்படி ஆறு வருடம் அலைந்தபின், ஒரு பயணப் பத்திரிகையின் அட்டைப்பட வாய்ப்பு முதல்முறையாக அவளுக்குக் கிடைக்க இருந்தது. பாலைவனத்துப் பெண்ணொருத்தியின் படம், அதுவும் இன்றைக்கே வேண்டும் என்று சென்னையிலிருந்து அதன் ஆசிரியர் சேதுமாதவன் சொல்லியிருந்தார்.

அல் ஐன் அருகே ருமைஸாவின் ஒட்டகப் பண்ணைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. ருமைஸாவுக்கு அறுபது வயதிருக்கும். மூக்கையும் உதட்டையும் மறைக்கும் பொன்னிற முகமூடி அணிந்திருந்தார். பண்ணையில் வேலை பார்க்கும் பரமக்குடி முனியசாமிதான் இருவருக்கும் நடுவில் நின்று அரபியும் தமிழும் பேசினார். காவா என்கிற அரபிக் காப்பி குடித்தாயிற்று, பேரீச்சம்பழம் தின்றாயிற்று, படத்துக்குச் சம்மதமும் வாங்கியாயிற்று.

அதோடு பிருந்தா வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூன்று நாள் முன்பு பிறந்த குட்டியொன்று தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது. தனக்குத் தெரிந்த நாலு அரபிச் சொற்களையும் கோத்து, இவ்வளவு அழகான குட்டியைப் பார்த்ததே இல்லை என்று புகழ்ந்துவைத்தாள். சொல்லி வாய் மூடவில்லை, குட்டி மடியை விட்டுக் கால் மடங்கிச் சரிந்தது. தூக்கி நிறுத்தியும் பாலில் வாய் வைக்கவில்லை. ருமைஸாவின் கண்கள் மாறிப்போயின.

"கண்ணு பட்டுருச்சுன்றாங்க மேடம்," என்றார் முனியசாமி. "மாஷா அல்லாஹ் சொல்லாம புகழ்ந்துட்டீங்களாம்."

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று ஃபிளாட் வாசலில் படிகாரம் கட்டித் தொங்கவிட்டிருப்பவள் பிருந்தா. ஊர்க் கண்ணெல்லாம் தன்மேல்தான் என்று இருந்தவளுக்கு, தன் கண்ணும் ஒரு கண்தான் என்று அதுவரை தோன்றியதே இல்லை. சட்டென்று குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் குட்டியைச் சுற்ற ஆரம்பித்தாள். முனியசாமி பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"கீழ போடுங்க மேடம். இங்க இதப் பாத்தா சூனியம்னு நெனச்சுருவாங்க."

"அப்ப என்னண்ணா செய்யறது?"

ருமைஸா ஒரு தட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கண் வைத்தவர் அதில் முகமும் கையும் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரைக் குட்டிமேல் ஊற்றுவார்களாம். பிருந்தாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. கொள்ளிக்கண்காரி என்று தானே ஒப்புக்கொள்வதா? வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் குட்டியின் விலா மேலும் கீழும் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கேமராவைக் கழற்றி வைத்துவிட்டு நன்றாகவே கழுவினாள். ருமைஸா அந்தத் தண்ணீரைக் குட்டிமேல் ஊற்றினார்.

அரைமணி நேரத்தில் குட்டி எழுந்து குடித்தது. தண்ணீரா, வெயில் தணிந்ததா, யார் கண்டது. ருமைஸா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணால் சிரித்தார். கடைசி வெளிச்சத்தில் பிருந்தா அதை அப்படியே ஒரே ஒரு படம் எடுத்தாள். தன் வாழ்நாளிலேயே நல்ல படம் அதுதான் என்று அவளுக்குத் திரையைப் பார்க்காமலே தெரிந்தது.

முனியசாமி தயங்கியபடி வந்தார். "நாப்பது நாளைக்குக் குட்டிய யாருக்கும் காட்டக்கூடாதாம் மேடம். படத்துலயும்தான்."

பிருந்தா கேமராவை மூடினாள். பிறகு, காட்டமாட்டேன் என்று ருமைஸாவிடம் சொல்லச் சொல்லிவிட்டு, சேதுமாதவனைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"படத்துல குட்டிய வெட்டிட்டு அந்தம்மாவ மட்டும் அனுப்புங்க," என்றார் அவர்.

"வெட்டினா குட்டியக் கட்டிக்கிட்டிருக்கற கை வெறுங்கை ஆயிடும் சார். நாப்பது நாள் கழிச்சு முழுசாத் தரேன்."

"அட்டை நாளைக்கு அச்சுக்குப் போகுதும்மா. ஆறு வருஷம் காத்திருந்தீங்களே."

"ஆமா சார், வலிக்கத்தான் செய்யுது. வேற யார் படத்தையாவது போட்டுக்கங்க."

போனை வைத்தபோது கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. என்ன பேச்சு என்று ருமைஸா கேட்க, முனியசாமி விவரம் சொன்னார். ருமைஸா அவளருகே வந்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"நாப்பத்தோராம் நாள் உங்கள வரச் சொல்றாங்க மேடம். அன்னைக்குத்தான் குட்டிக்குப் பேரு வைக்கிறது. நீங்க வைக்கணுமாம்."

"வரேன்னு சொல்லுங்கண்ணா," என்றாள் பிருந்தா.