மாரிசெல்வியின் மூத்திரத்துணி

என் மகள் மாரிசெல்வியின் மூத்திரத்துணி கறுத்துப்போவதற்கு ஊரே என்னைத்தான் கைகாட்டியது. நான் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவள். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, சேலை மாற்றித்தான் வேனில் ஏறுவேன். யார் கேட்கிறார்கள்? அந்தக் கறை சோப்புப் போட்டால் இன்னும் கறுக்கும். தேய்த்துத் தேய்த்து என் விரல்தான் தேய்ந்தது.

“கம்பெனி மருந்து ஒம் பால்ல எறங்கிருச்சு. இனிமே பிள்ளைக்குப் பால் குடுக்காத,” என்றார் மூக்கம்மாள் அத்தை. என் அப்பாவின் அக்கா, எனக்கு மாமியார். பசும்பாலைச் சங்கில் ஊற்றினார். பிள்ளை சங்கைத் தட்டிவிட்டு என்னிடம் கையை நீட்டும். நெஞ்சில் கட்டிய பாலைப் பீய்ச்சி விட்டுவிட்டு அழுவேன். இருக்கன்குடி மாரியாத்தாளைக்கூட வைதேன், போதுமா?

தடுப்பூசி போட்ட நர்ஸ் துணியைப் பார்த்துவிட்டு, விருதுநகரில் குழந்தை டாக்டர் அனுப்பிரியாவிடம் அனுப்பினார். அவர் பிள்ளையின் மூத்திரத்தை வாங்கி, பிறவி நோய்களை ஆராய்கிற ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டார். அத்தையும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார், சாட்சிக்குக் கறுத்த துணிகளை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு.

“என்ன பால் குடுக்கீக?” என்றார் டாக்டர்.

“பசும்பாலுதான் தாயி. இவ பால நிப்பாட்டி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு,” என்றார் அத்தை.

“நிப்பாட்டுன பெறகு துணி வெளுத்துச்சா?”

அத்தை பையைப் பார்த்தார். “இல்ல… அப்பிடியேதான் கறுக்கு.”

“அப்ப இவுக பால் என்ன பாவம் பண்ணுச்சு?”

அந்த மகராசி காலில் விழலாம் போலிருந்தது எனக்கு. மூத்திரத்தில் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறதாம். சாப்பிடுகிற புரதம் செரிக்கும்போது நடுவில் உண்டாவது. மற்றவர்களுக்கு உடம்பிலேயே சிதைந்துவிடும். இவளுக்குச் சிதையாமல் வெளியே வருகிறது. காற்றும் சோப்பும் பட்டால் கறுக்கிறது. அதுதான் இந்தப் பிறவி நோயின் அடையாளமாம். இப்போதைக்குப் பயமில்லை, வயது ஏறும்போது மூட்டும் முதுகும் வலிக்கலாம், வருஷா வருஷம் காட்ட வேண்டும்.

“அம்மா, அப்பா ரெண்டு பக்கமும் இந்தக் குறை இருந்தாத்தான் பிள்ளைக்கு வரும். சொந்தத்துல கட்டுனா வாய்ப்பு கூட. கம்பெனி மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தாய்ப்பால் தாராளமாக் குடுங்க.”

தம்பி மகள்தான் மருமகளாக வரணும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அத்தை. “அப்ப ரெண்டு பக்கமும் எங்க வீடுதானா?” என்றார். சுருக்கென்று நாலு வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

அடுத்த வருஷம் காட்ட வரும்போது, இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் பிள்ளையின் மூத்திரம் தருவீர்களா என்று டாக்டர் கேட்டார்.

“கொடத்துல கேட்டாலும் தாரேன் டாக்டரம்மா,” என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

அத்தை எழுந்தார். மஞ்சப்பையைக் கீழே போட்டுவிட்டு, பிள்ளையை என் மடியில் வைத்தார். தன் முந்தானையை விரித்து என் முன்னால் மறைத்துப் பிடித்தார்.

“குடு தாயி. பசியா இருப்பா.”