தேர்தலன்று தள்ளிய பனி

விடிந்தும் விடியாமலும் தெருவில் லாரிச் சத்தம் கேட்டு லவோன் ஜன்னலுக்கு ஓடினாள். பனி தள்ளும் லாரி. முன்னால் கட்டிய இரும்புத் தட்டால் தெருவை வழித்துக்கொண்டு, பின்னால் உப்பைத் தூவிக்கொண்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி நிதானமாக வந்தது. இன்று சிகாகோ நகர்மன்றத் தேர்தல். பணமென்றால் பிணமும் வாய் திறக்குமாம். ஓட்டென்றால் பனி லாரிக்குச் சந்துபொந்தெல்லாம் தெரிந்துவிடுகிறது.

போன வாரம் தெரியவில்லை. அவள் புருஷன் க்ளைடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் சரிந்தபோது, ஆம்புலன்ஸ் தெருமுனைப் பனியில் புதைந்து நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு முழங்கால் பனியில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று காலையில்தான் கவுன்சிலர் மேபரியின் அலுவலகத்துக்கு அவள் போன் செய்திருந்தாள். லாரி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

க்ளைடின் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி லாரியை மறித்தாள்.

"போன வாரம் இந்த லாரி எங்கய்யா போச்சு?"

ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார். "எங்கயும் போகலம்மா. ஷெட்டுலதான் நின்னுச்சு. மெயின் ரோட்டுக்கும் கவுன்சிலர் வீட்டுத் தெருவுக்கும் மட்டும் போகச் சொன்னாங்க. நான் என்ன பண்ண?"

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது. வழி விட்டாள். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அழுகை வந்திருந்தால்கூடத் தேவலை, அதுவும் வரவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் வீடு வீடாகப் போய் மேபரிக்கு ஓட்டுச் சேர்த்துக் கொடுத்தவள் அவள்தான். அவள் கை காட்டிய பக்கம் தெரு போடும். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

சற்று நேரத்தில் மேபரியே டோனட் பெட்டியோடு காரில் வந்து இறங்கினான். சாவுக்கு ஒரு மலர்வளையம் அனுப்பியதோடு சரி, ஆள் வந்தது இன்றுதான்.

"லவோன் அக்கா, ரோட்டப் பாத்தீங்களா? உங்களுக்காகவே சொல்லித் தள்ள வச்சேன்."

"பாத்தேன் தம்பி."

"இந்தத் தடவ போட்டி கொஞ்சம் பலம். க்ளைடு அண்ணன் இருந்திருந்தா அவரே எல்லாரையும் கூட்டிட்டுப் போயிருப்பாரு."

"ஆமா, இருந்திருந்தா," என்றாள். "நீங்க போங்க. தெருவ நான் பாத்துக்கறேன்."

முதல் கதவு எதிர்வீட்டு ஜெனீவாவுடையது.

"வந்துட்டியா? யாருக்குன்னு கேக்கவா போறேன். மேபரிக்குத்தான?"

"அவனுக்கு வேணாம். எதிர்த்து நிக்கிறாளே டீச்சர், அவளுக்குப் போடு."

ஜெனீவா அவளைப் பார்த்தாள். பிறகு வழித்துவிட்ட தெருவைப் பார்த்தாள். க்ளைடைத் தூக்கிப் போனதை இதே வாசலில் நின்று பார்த்தவள்.

"பாவிப் பய. லாரி இருந்திருக்கு," என்று சொல்லிவிட்டுத் தன் பூட்ஸைத் தேடினாள்.

மற்ற வீடுகளிலும் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. கைத்தடியும் சக்கர நாற்காலியுமாகத் தெருவே வாக்குச்சாவடிக்குக் கிளம்பியது. காரில் கடந்துபோன மேபரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். லவோனும் கையசைத்தாள்.

இருட்டியதும் மேபரியிடமிருந்து போன் வந்தது. சொற்ப ஓட்டில் தோற்றிருந்தான்.

"என்னக்கா இது? உங்க தெருவே என்னக் கவுத்துடுச்சே. நடக்க முடியாத கெழடுங்கல்லாம் வந்து அவளுக்குப் போட்டிருக்கு."

"ரோட்ட அவ்வளவு நல்லாத் தள்ளி வச்சிருந்தீங்களே தம்பி. எல்லாராலயும் வர முடிஞ்சுது." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரருக்குத்தான் வெவரம் பத்தல. எலக்‌ஷன் அன்னைக்காப் பாத்து நெஞ்சு வலிச்சிருந்தா பொழச்சிருப்பாரு."